பறவைப் படங்களுக்குக் கேனன் 7டி மார்க் 2 போதுமா, ஆர்7 கேமராவுக்கு மாறலாமா?

கூந்தன்குளத்தான் எழுதியது:

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்துக் குளங்களில் பறவைகளைப் படம் எடுப்பது என் நெடுநாள் வழக்கம். குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளும், கருவேல மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும்தான் என் படங்களில் பெரும்பகுதி. அவ்வப்போது களக்காட்டுப் பக்கம் காட்டுப் பறவைகளைத் தேடிப் போவதும் உண்டு. கையில் இருப்பவை கேனன் 7டி மார்க் 2 பாடி, ஈஎஃப் 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ், லென்ஸின் குவிய நீளத்தைக் கூட்டும் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் ஒன்று. எல்லாமே பிறரிடமிருந்து வாங்கியவை என்றாலும் நல்ல நிலையில் இருக்கின்றன.

இப்போது ஆர்7 மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடியை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். புதிதாக வந்தது என்பதற்காக வாங்கும் எண்ணம் இல்லை. எனக்கு மூன்று இடர்ப்பாடுகள் இருக்கின்றன. வெறும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பறக்கும் நாரையை 7டி மார்க் 2 நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அதே நாரை கிளைகளுக்கு முன்னால் தாழ்ந்து வந்து கூட்டில் இறங்கும்போது ஃபோகஸ் பின்னாலுள்ள கிளைக்குத் தாவிவிடுகிறது. அடுத்ததாக, அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையின் கண்ணில் புள்ளியை வைத்து எடுத்த படங்களிலும் கூர்மை சில நேரம் முதுகில் போய் விழுந்திருப்பதை, வீட்டுக்கு வந்து கணினியில் திறந்த பிறகுதான் காண்கிறேன். மூன்றாவது, காட்டு நிழலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200-ஐத் தாண்டினால் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான இரைச்சல்) மிகுந்து, இறகின் நுணுக்கங்கள் கரைந்துபோகின்றன.

கடையில் விசாரித்தபோது, புதிய பாடியில் பழைய லென்ஸை அடாப்டர் வழியாகப் பொருத்தினால் அதன் வேகம் பாதியாகிவிடும் என்றும், ஆர்7-க்கு நேரடியாகப் பொருந்தும் ஆர்எஃப் 100-500 லென்ஸையும் சேர்த்து வாங்கினால்தான் பயன் என்றும் சொன்னார்கள். அந்தத் தொகை எனக்கு எட்டாதது. பாடியை மட்டும் மாற்றினால் மேற்சொன்ன மூன்றில் எது தீரும், எது தீராது என்பதை இரண்டையும் பயன்படுத்தியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தகைவிலான் எழுதியது:

ஐயா, 7டி மார்க் 2-ஐ நெடுங்காலம் வைத்திருந்து ஆர்7-க்கு மாறியவன் நான். பழையதை இன்னும் விற்கவில்லை. தங்களுடைய மூன்று இடர்ப்பாடுகளுக்கும் காரணங்கள் வெவ்வேறானவை. ஆகவே "புதியது நல்லது" என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் புதிய கேமராவே தேவைப்படாமல் போகலாம். 7டி மார்க் 2 போன்ற டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியின் பெரும்பகுதியைக் கண்ணாடி மேலே உள்ள பட்டகத்துக்கு அனுப்புகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி ஓரளவு ஒளியை ஊடுருவ விடும். அதன் பின்புறம் இருக்கும் இன்னொரு சிறிய கண்ணாடி, ஊடுருவி வந்த ஒளியைக் கேமராவின் அடியில் உள்ள ஆட்டோஃபோகஸ் உறுப்புக்குத் திருப்பிவிடும். அதாவது படம் பதிவாகும் இடம் ஒன்று, ஃபோகஸ் அளக்கப்படும் இடம் வேறொன்று. லென்ஸிலிருந்து இரண்டுக்கும் உள்ள தொலைவு இம்மியும் பிசகாமல் சமமாக இருந்தால்தான் அளவீடு சரியாகும்; பாடியிலும் லென்ஸிலும் உள்ள சிறுசிறு வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்தால் கூர்மை எப்போதும் முன்னாலோ பின்னாலோ நகர்ந்தே விழும். தங்கள் லென்ஸில் ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள பறவைக்குக் கூர்மையின் ஆழம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்தான் என்பதால், கண்ணுக்கு வைத்தது முதுகில் விழ அந்தச் சிறு பிசகே போதும்.

இதைச் சோதிப்பது எளிது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, அசையாத ஒரு பொருளை வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஃபோகஸ் செய்து சில படங்களையும், அதே பொருளை லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து சில படங்களையும் எடுங்கள். லைவ் வியூவில் கண்ணாடி மேலே தூக்கப்பட்டு, ஃபோகஸைச் சென்சாரே அளக்கிறது. ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிளந்து ஃபோகஸை அளக்கும், 2013-இல் கேனன் 70டி-இல் வந்த ட்யூவல் பிக்சல் நுட்பம் 7டி மார்க் 2-இலும் உண்டு. ஆர்7 நம்பியிருப்பதும் அதே நுட்பத்தின் வளர்ந்த வடிவத்தைத்தான். ஆக, தங்கள் பழைய பாடிக்குள்ளேயே ஒரு மிரர்லெஸ் இருக்கிறது. லைவ் வியூ படங்கள் தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும் இருந்தால், மெனுவில் உள்ள மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் இருபது படிகள் முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். எக்ஸ்டெண்டர் போட்ட நிலைக்குத் தனியாக ஒரு முறை செய்ய வேண்டும்.

முதல் இடர்ப்பாட்டில்தான் ஆர்7 உண்மையாகவே வேறொரு கருவி. 7டி மார்க் 2-இன் 65 ஃபோகஸ் புள்ளிகளும் தமக்குக் கீழே உள்ள பொருளின் தொலைவை அளப்பவை. அது பறவையா கிளையா என்பது அவற்றுக்குத் தெரியாது. ஒளியளவு பார்க்கும் ஒன்றரை லட்சம் பிக்சல் சென்சார் ஒன்று நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துத் தொடர்வதற்கு உதவினாலும், சாம்பல் நிறக் கிளைகளுக்கு முன்னால் சாம்பலும் வெள்ளையுமான கூழைக்கடா வந்தால் அதுவும் குழம்பிவிடும். ஆர்7 முழுச் சட்டகத்தையும் பார்த்து, பறவை எது, தலை எது, கண் எது என்று தேடுகிறது. பறவை சட்டகத்தில் ஓரளவு பெரிதாகத் தெரிந்து, கண் ஒருமுறை பிடிபட்டுவிட்டால், நடுவில் ஒரு கிளை குறுக்கிட்டாலும் பெரும்பாலும் விடுவதில்லை. கூட்டில் இறங்கும் நாரை என்னிடம் இப்போது ஒரு தொடரில் பெரும்பாலான படங்களில் கூர்மையாகக் கிடைக்கிறது. முன்பு ஒன்றிரண்டு தேறினாலே மகிழ்வேன்.

ஆனால் "பிடிபட்டுவிட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பறவை சிறிதாகவும் பின்னணி நெருக்கமாகவும் இருந்தால், ஆர்7 பறவையைக் கண்டுகொள்ளாமல் பின்னால் உள்ள நாணலில் போய் உட்கார்ந்துகொள்வதும் நடக்கிறது. 7டி மார்க் 2-இன் புள்ளிகள் எல்லாம் குறுக்கு வகையைச் சேர்ந்தவை. நெடுக்குக் கோட்டையும் கிடைக்கோட்டையும் ஒருசேர அளப்பவை. ஆர்7-இன் ஒவ்வொரு பிக்சலும் இட வலமாக மட்டுமே பிளக்கப்பட்டிருப்பதால் கிடையான கோடுகள் மட்டும் உள்ள இடத்தில் அது தடுமாறும். நீர்ப்பரப்பின் அலைக்கோடுகளை ஒட்டித் தாழப் பறக்கும் ஆலாவைப் பிடிக்கும்போது இதை உணர்வீர்கள். ஒரு சிறு புள்ளியை வைத்து முதலில் பறவையைத் தொட்டு, பிறகு கண் தேடலுக்குக் கைமாற்றும்படி இரண்டு பொத்தான்களைப் பிரித்து அமைத்துக்கொண்டால் இந்தக் குறை பெரிதும் குறையும்.

எக்ஸ்டெண்டரைப் பற்றியும் ஒன்று. 400 மி.மீ. லென்ஸில் அதைப் போட்டால் துளை எஃப்/8-ஆகச் சுருங்கிவிடும். அப்போது 7டி மார்க் 2-இல் நடுப்புள்ளியை மட்டுமே நம்ப வேண்டும். ஆர்7-இல் அந்தக் கட்டுப்பாடு இல்லை.


கரிச்சான் எழுதியது:

தகைவிலான் அவர்கள் ஃபோகஸ் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் காட்டு நிழலும் நாய்ஸும் பற்றிய மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாமல் பணத்தைப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு கேமராக்களின் சென்சார் பரப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். அகலம் 22 மி.மீ.-க்குச் சற்று அதிகம், உயரம் சுமார் 15 மி.மீ. அதே லென்ஸ், அதே ஷட்டர் வேகம், அதே மரநிழல் என்றால் சென்சாரில் வந்து விழும் ஒளியும் ஒன்றேதான். ஐஎஸ்ஓ 3200-இல் நாம் காணும் நாய்ஸின் பெரும்பகுதி மின்னணுச் சுற்றில் பிறப்பதில்லை. ஒளி போதாமையால் ஒளியின் இயல்பிலேயே வருவது. 2014-இல் வந்த சென்சாருக்கும் 2022-இல் வந்த சென்சாருக்கும் இடையே இந்த இடத்தில் உள்ள முன்னேற்றம், இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பார்த்தால், சிறியதுதான். பெரிய முன்னேற்றம் குறைந்த ஐஎஸ்ஓவில் இருக்கிறது: கேனன் 2016-இல் 80டி முதலாக, மின் சைகையை எண்ணாக மாற்றும் வேலையைச் சென்சார் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்ததால், ஐஎஸ்ஓ 100-இல் எடுத்த படத்தின் இருண்ட பகுதியை உயர்த்தும்போது முன்பு தெரிந்த பட்டைகளும் புள்ளிகளும் இப்போது தெரிவதில்லை. அது நிலக்காட்சி எடுப்பவருக்கு வரம். களக்காட்டு நிழலில் சிரிப்பானைத் தேடுபவருக்கு அதனால் அதிகப் பயன் இல்லை.

கடைக்காரர் சொன்ன ஆர்எஃப் 100-500 லென்ஸுக்கு வருவோம். 500 மி.மீ.-இல் அதன் துளை எஃப்/7.1. 500-ஐ 7.1-ஆல் வகுத்தால் 70 மி.மீ. வரும்; தங்கள் லென்ஸில் 400-ஐ 5.6-ஆல் வகுத்தால் 71 மி.மீ. பறவையிடமிருந்து வரும் ஒளியைத் திரட்டும் வாய் இரண்டுக்கும் ஒரே அகலம். பறவை சட்டகத்தில் பெரிதாகத் தெரியும். ஆனால் அதற்காக ஒளி கூடிவிடாது. உண்மையில் அதிக ஒளி வேண்டுமென்றால், 600 மி.மீ. எஃப்/6.3 வரை போகும் சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்களைப் பாருங்கள். அவற்றின் வாய் 95 மி.மீ., அதாவது பரப்பில் ஒன்றே முக்கால் மடங்கு. எடை ஏறத்தாழ இரண்டு கிலோ என்பதையும் மறந்துவிட வேண்டாம், 400 எஃப்/5.6-இன் 1,250 கிராமுக்குப் பழகிய கைக்கு அது தண்டனைதான்.

ஆர்7-இன் 32.5 மெகாபிக்சலைப் பற்றியும் பெரிதாகப் பேசுவார்கள். 20.2-லிருந்து 32.5 என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல் என்று தோன்றும். நீளவாக்கில் 5,472 பிக்சலிலிருந்து 6,960 பிக்சல், கால் பங்கு கூடுதல், அவ்வளவுதான். அந்தக் கால் பங்கும் காலை ஒளியில், அருகில் இருக்கும் பறவைக்குத்தான் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் வற்றிய குளத்துச் சேற்றின் மேல் கானல் அசையத் தொடங்கிய பின், எதிர்க்கரையில் நிற்கும் வாத்தை எத்தனை மெகாபிக்சலில் எடுத்தாலும் அது நெளிந்தே பதிவாகும்.

நாய்ஸுக்கு இன்று மலிவான மருந்து மென்பொருளில் இருக்கிறது. 2023-இல் லைட்ரூமில் சேர்க்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு நாய்ஸ் நீக்கத்தையோ டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் மென்பொருளையோ தங்கள் பழைய ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்புகளில் ஓட்டிப் பாருங்கள். ஐஎஸ்ஓ 3200, 6400 படங்களில் கிடைக்கும் பயன், பாடியை மாற்றுவதால் கிடைப்பதைவிட அதிகம் என்பதே என் கணிப்பு. நெடுநாள் சேர்த்துவைத்த பழைய படங்களும் அதனால் மீளும்.

இன்னும் ஒன்று. ஒளியியல் வியூஃபைண்டரில் கேமராவை அணைத்துவைத்துக்கொண்டே மணிக்கணக்கில் பார்த்திருக்கலாம். கண் பார்ப்பது நேரடி ஒளி. தாமதம் இல்லை, மின்சாரம் செலவாவதில்லை. மீன்கொத்திக்காகக் காத்திருப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. என் கருத்தில், இருக்கும் பாடியைச் சீர்செய்துகொண்டு, பழைய ஈஎஃப் 100-400 இரண்டாம் பதிப்பு நல்ல நிலையில் கிடைத்தால் அதை வாங்குங்கள். அதில் அதிர்வுத் தடுப்பு இருப்பதால், அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்டுப் பறவையை 1/100 நொடியில் எடுத்து ஐஎஸ்ஓவைக் கீழே கொண்டுவரலாம்.


கூந்தன்குளத்தான் எழுதியது:

இருவருக்கும் நன்றி. லைவ் வியூ சோதனையை இந்த வாரமே செய்து பார்க்கிறேன். இடையில் இரண்டு ஐயங்கள். ஆர்7-இன் பாடிக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பு இருப்பதால் என் 400 மி.மீ. லென்ஸில் அது இல்லாத குறை தீர்ந்துவிடாதா? எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஓசையே இல்லாமல் நொடிக்கு 30 படங்கள் எடுக்கலாம் என்கிறார்களே, கூடுகளுக்குப் பக்கத்தில் அது பயன்படுமா? அடாப்டர் வேகத்தைக் குறைக்கும் என்று கடையில் சொன்னது சரியா என்பதையும் யாராவது தெளிவாக்கினால் நல்லது.


பட்டகம் எழுதியது:

அடாப்டரிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிதானது. கேனன் 1987-இல் ஈஎஃப் மவுண்டை (லென்ஸைப் பாடியில் மாட்டும் அமைப்பை) கொண்டுவந்தபோதே ஃபோகஸ் மோட்டாரையும் துளையை இயக்கும் அமைப்பையும் லென்ஸுக்குள் வைத்து, பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே மின் தொடர்பு மட்டும் போதும்படி அமைத்துவிட்டது. ஈஎஃப் மவுண்டிலிருந்து சென்சாருக்கு 44 மி.மீ., ஆர்7-இன் ஆர்எஃப் மவுண்டிலிருந்து 20 மி.மீ. இடையிலுள்ள 24 மி.மீ. வெற்றிடத்தை நிரப்பி, மின் தொடர்புகளை நீட்டிக் கொடுக்கும் வளையமே அடாப்டர். அதற்குள் கண்ணாடி வில்லை ஏதும் இல்லை. நிக்கான் பயனர்கள்தான் இதில் இழப்பவர்கள். அவர்களுடைய பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைப் பாடியில் உள்ள மோட்டார் திருகித்தான் ஓட்ட வேண்டும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லாததால் அவை கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களாகிவிட்டன. கடைக்காரர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம். தொடர் படப்பிடிப்பில் சில பழைய ஈஎஃப் லென்ஸ்களுக்கு ஆர்7-இன் முழு வேகம் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வேகம் பாதியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வது தவறு. எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: பேட்டரியும் கார்டும் சேர்த்து 7டி மார்க் 2 910 கிராம், ஆர்7 612 கிராம், அடாப்டர் 110 கிராம். மிச்சம் 190 கிராமுக்கும் குறைவு.

பாடிக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு சென்சாரை நகர்த்தி வேலை செய்வது. கை அரை டிகிரி அசைந்தால் 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் சென்சாரின் மேல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நகரும், 400 மி.மீ. லென்ஸில் மூன்றரை மில்லிமீட்டர் நகரும். சென்சார் நகர்வதற்குப் பாடிக்குள் அவ்வளவு இடம் இல்லை. ஆகவே விளம்பரத்தில் வரும் ஏழு ஸ்டாப் (ஷட்டர் நேரத்தை ஏழு முறை இரட்டிப்பது) என்ற எண்ணைத் தங்கள் லென்ஸுக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஓரளவு பயன் கிடைக்கும். வியூஃபைண்டரில் பிம்பம் அமைதியாக நிற்பதே பெரிய ஆறுதல். அசையாத பறவைக்கு மெதுவான ஷட்டர் வேண்டும் என்றால் கரிச்சான் அவர்கள் சொன்னதுபோல் லென்ஸுக்குள்ளேயே தடுப்பு உள்ளதுதான் சரி. பறக்கும் பறவைக்கு 1/2000 நொடியில் எடுக்கும்போது இரண்டுமே தேவையில்லை.

எலெக்ட்ரானிக் ஷட்டரில்தான் கவனம் வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சென்சாரைக் கடக்க ஏறத்தாழ 1/250 நொடி எடுத்துக்கொள்கிறது. ஆர்7-இன் சென்சாரோ மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை படித்து முடிக்க ஏறத்தாழ 1/30 நொடி எடுத்துக்கொள்கிறது. 1/4000 நொடி என்று அமைத்திருந்தாலும், அது ஒவ்வொரு வரிக்கும் உரிய நேரம் மட்டுமே. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே 1/30 நொடி கழிந்துவிடும். நொடிக்குப் பத்து முறை சிறகடிக்கும் சிறு பறவை அதற்குள் ஓர் அடிப்பின் மூன்றில் ஒரு பங்கை முடித்துவிடும் என்பதால், சிறகு ரப்பர்போல் வளைந்து பதிவாகும். பறவையைத் தொடர்ந்து கேமராவை வீசும்போது பின்னணியில் உள்ள மின்கம்பமும் சாய்ந்துவிடும். நிக்கான் இசட்8, கேனன் ஆர்5 மார்க் 2 போன்ற அடுக்கு வகைச் சென்சார் உள்ள பாடிகளில் இதே வேலை சில மில்லிநொடிகளில் முடிவதால் இந்தக் கோணல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் விலை வேறு உலகம்.

கூட்டில் நின்று குஞ்சுக்கு இரை ஊட்டும் நாரை, கரையில் அசையாமல் நிற்கும் கொக்கு ஆகியவற்றுக்கு ஓசையற்ற முறையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பறத்தலுக்கு, முதல் திரை மட்டும் எலெக்ட்ரானிக்காக இயங்கும் முறையை வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 15 படம் அதிலேயே கிடைக்கும், 7டி மார்க் 2-இன் 10-ஐவிட அதிகம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆர்7-இன் ரா பர்ஸ்ட் முறையில், ஷட்டரை முழுவதும் அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியில் கடந்துபோன காட்சிகளையும் கேமரா சேமித்துக் கொடுக்கும். கிளையிலிருந்து மீன்கொத்தி எழும்பும் கணம் மனிதக் கைக்கு எப்போதும் பிந்தியே கிடைப்பது. அதை இந்த முறை தருகிறது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் மட்டுமே இது இயங்கும் என்பதால் சிறகின் கோணலைச் சில படங்களில் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், தற்காலிக நினைவகமும் ஒன்றிரண்டு நொடியில் நிரம்பிவிடும். எனினும், எந்த டிஎஸ்எல்ஆரும் வியூஃபைண்டர் வழியே படமெடுக்கும்போது தர முடியாத ஒன்று இது. கண்ணாடி கீழே இருக்கும்வரை சென்சார் இருட்டில் அல்லவா இருக்கிறது.


தகைவிலான் எழுதியது:

கரிச்சான் அவர்கள் ஒளியியல் வியூஃபைண்டரைப் புகழ்ந்ததில் பாதியை ஏற்கிறேன். பேட்டரி விஷயத்தில் அவர் சொல்வது சரி. 7டி மார்க் 2-க்கு ஒரு பேட்டரியில் 670 படம் என்பது கேனன் தரும் கணக்கு, ஆர்7-இல் வியூஃபைண்டரைத் தொடர்ந்து பார்த்திருந்தால் அதைவிட விரைவில் தீரும். நல்லவேளையாக, 7டி மார்க் 2-இன் எல்பி-ஈ6என் பேட்டரி ஆர்7-இலும் பொருந்தும். சிஎஃப் கார்டுகள் மட்டும் பயனற்றுப் போகும். ஆர்7-இல் இரண்டு இடங்களுமே எஸ்டி கார்டுக்கானவை.

ஆனால் கூந்தன்குளத்தில் அவர் எடுப்பவை பெரும்பாலும் வெள்ளைப் பறவைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. கரிய நீர்ப்பரப்புக்கு முன்னால் வெண்கொக்கு ஒன்று பறந்தால், கேமராவின் ஒளியளவி இருண்ட நீரைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் இறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஒளியியல் வியூஃபைண்டரில் இது தெரியாது, எடுத்த பின் திரையில் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அதற்குள் பறவை போயிருக்கும். மின்னணு வியூஃபைண்டரில் பதிவாகப்போகும் ஒளியளவும், ஒளி-இருள் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமும் கண்ணுக்கு முன்னாலேயே நிற்பதால், கட்டைவிரலால் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே தொடரலாம். அனுபவம் மிக்கவர்கள் இதைக் கணக்காகவே செய்துவிடுவார்கள் என்பது உண்மைதான். நானும் செய்தேன். இப்போது கணக்குப் போடும் நேரத்தில் பறவையைப் பார்க்கிறேன்.

மின்னணு வியூஃபைண்டரின் குறை, எதிர்வெயிலில் அதன் திரை கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதும், கேமரா உறங்கியிருந்தால் விழித்துக்கொள்ளச் சிறிது நேரம் எடுப்பதும்தான். தலைக்கு மேல் திடீரென்று வந்த செம்பருந்தை இதனாலேயே தவறவிட நேரும். ஷட்டர் பொத்தானை அவ்வப்போது பாதி அழுத்திக்கொண்டே இருக்கப் பழக வேண்டும்.

100-400 லென்ஸ் பரிந்துரையை நான் மறுக்கவில்லை, ஆனால் வரிசை மாறலாம் என்பேன். அவருடைய முதல் இடர்ப்பாடு பின்னணிக்குத் தாவும் ஃபோகஸ். 7டி மார்க் 2-இல் எந்த லென்ஸை மாட்டினாலும் அது தீராது.


கரிச்சான் எழுதியது:

அதை ஏற்கிறேன். கூட்டில் இறங்கும் நாரைகள்தான் அவருடைய முதன்மை விருப்பம் என்றால் பாடி. காட்டுப் பறவைகள் என்றால் லென்ஸ். எது என்பதை அவரே சொல்லட்டும்.


கூந்தன்குளத்தான் எழுதியது:

சோதனையைச் செய்து பார்த்தேன். லைவ் வியூவில் எடுத்தவை தெளிவாக இருந்தன; வியூஃபைண்டர் வழியாக எடுத்தவற்றில் கூர்மை ஒவ்வொரு முறையும் பின்னாலேயே விழுந்தது. மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் சில படிகள் முன்னோக்கி நகர்த்திய பின் உட்கார்ந்திருக்கும் பறவைகள் இப்போது கண்ணில் கூர்மையாக வருகின்றன. எக்ஸ்டெண்டரோடு அளவு வேறாக இருந்தது, அதையும் பதிவுசெய்துவிட்டேன். பழைய காட்டுப் படங்கள் சிலவற்றை நாய்ஸ் நீக்கும் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். கரிச்சான் ஐயா சொன்னது மிகையில்லை.

எஞ்சியிருப்பது பறத்தல் ஒன்றுதான், கரிச்சான் ஐயாவின் கேள்விக்கும் அதுவே விடை. கூடு கட்டும் பருவத்தில் ஆர்7 பாடியையும் அடாப்டரையும் வாடகைக்கு எடுத்து, என் 400 மி.மீ. லென்ஸிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கிறேன். வாடகைக்கு எடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?


பட்டகம் எழுதியது:

முதலில், வாடகைப் பாடியில் முந்தையவரின் அமைப்புகள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபோகஸைச் சர்வோவில் (அசையும் பொருளைத் தொடரும் முறையில்) வையுங்கள், தேட வேண்டிய பொருளாக விலங்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள், பறவைகள் அதற்குள் அடங்கும். ஷட்டரை எலெக்ட்ரானிக் முதல் திரைக்கு மாற்றுங்கள். பின்பக்கத்தில் இரண்டு பொத்தான்களைத் தகைவிலான் சொன்னபடி சிறு புள்ளிக்கும் கண் தேடலுக்குமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆர்7-இன் பின்சக்கரம் வழக்கமான இடத்தில் இல்லாமல் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில், ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி அமைந்திருக்கிறது. 7டி மார்க் 2-க்குப் பழகிய கட்டைவிரல் முதல் காலைப்பொழுது முழுவதும் அதைத் தேடிக்கொண்டிருக்கும், ஆகவே அன்றைய படங்களை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

லென்ஸை மாற்றும்போது கேமராவின் வாயைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். சென்சாருக்கு முன்னால் கண்ணாடி ஒன்று காவல் நிற்பதில்லை; கரையோரக் காற்றில் தூசி நேராக உள்ளே போகும், வாடகைக்குக் கொடுத்தவர் அதைக் கணக்கில் வைப்பார்.

பழைய பாடியையும் கூடவே கொண்டுபோங்கள். ஒரே மரத்துக்கு முன்னால், ஒரே ஒளியில், முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் ஒரே எண்ணிக்கையில் நாரைகள் இறங்குவதை எடுத்து, கண் கூர்மையாக இருப்பவற்றை மட்டும் பிரித்து எண்ணுங்கள். சிறந்த ஒரு படத்தை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.